அமெரிக்க ஃபெடரல் மசோதாவைப் பின்தொடர்வது எப்படி? அறிமுகம் முதல் அமலாக்கம் வரை முழுமையான வழிகாட்டி

வேலைவாய்ப்பு அடிப்படையிலான கிரீன் கார்டுகளில் (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) எந்த ஒரு நாட்டவருக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்ற நாடுவாரி உச்சவரம்பை நீக்கும் எச்.ஆர்.1044 என்ற மசோதாவை, 2019 ஜூலை 10ஆம் தேதி அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 365க்கு 65 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. அதே நோக்கம் கொண்ட எஸ்.386 மசோதாவை 2020 டிசம்பர் 2ஆம் தேதி செனட் அவை, ஒருவருடைய ஆட்சேபமும் இல்லாமல் நிறைவேற்றியது. இரண்டு அவைகளும் ஆமோதித்த பிறகும் உச்சவரம்பு அப்படியே இருக்கிறது. 2021 ஜனவரி 3ஆம் தேதி அந்தக் காங்கிரஸின் ஆயுள் முடிந்ததும் இரண்டு மசோதாக்களும் காலாவதியாயின. ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிற்கும் குடும்பங்களில் பலருக்கு, அது ஏன் நின்றுபோனது என்பது இன்றும் விளங்காத விஷயமாகவே இருக்கிறது.

விசா, வருமான வரி, மருத்துவக் காப்பீடு, கல்லூரி நிதியுதவி, ஊருக்கு அனுப்பும் பணம் என்று அமெரிக்காவில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் அன்றாட வாழ்வைத் தொடும் முடிவுகளில் பெரும்பகுதி வாஷிங்டனில்தான் எடுக்கப்படுகிறது. ஆனால் அந்த முடிவுகள் நம்மை வந்தடைவது பெரும்பாலும் முகநூல் பதிவாகவோ வாட்ஸ்அப் தகவலாகவோதான். ஒரு மசோதாவைப் பற்றிய செய்தி கிடைத்ததும் அதை நேரடியாக மூலத்திலேயே சரிபார்த்து, அது எங்கே நிற்கிறது, நம்மை எந்த வரியில் தொடுகிறது, இனி என்ன நடக்கக்கூடும் என்பதை எவரும் தாமாகவே கண்டுகொள்ள முடியும் என்பது என் உறுதியான நம்பிக்கை. அதற்குச் சட்டப் படிப்பு தேவையில்லை. பொறுமையும் ஒரு முறையான வரிசையும் போதும். அந்த வரிசையைத்தான் கீழே தருகிறேன். இந்தக் கட்டுரையில் காங்கிரஸ் என்பது எங்கும் 435 உறுப்பினர்கள் கொண்ட பிரதிநிதிகள் சபையும் 100 உறுப்பினர்கள் கொண்ட செனட்டும் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்றத்தையே குறிக்கும்.

முதல் படி: பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பிடியுங்கள்

மசோதாக்களின் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். சிறுவயதில் அமெரிக்கா வந்து ஆவணமின்றி வளர்ந்தவர்களுக்கான ட்ரீம் சட்ட மசோதா 2001இல் முதன்முதலாக அறிமுகமானது. அதன் பிறகு அதே பெயரிலும் ஏறக்குறைய அதே பெயரிலும் எத்தனையோ வடிவங்கள் வந்துவிட்டன. ஆகவே "ட்ரீம் ஆக்ட் வந்திருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் அதில் தகவல் எதுவும் இல்லை. எண்ணும், அது எத்தனையாவது காங்கிரஸைச் சேர்ந்தது என்பதும் தெரிந்தால்தான் தேடலே தொடங்கும். ஒவ்வொரு காங்கிரஸும் இரண்டு ஆண்டுகள் நீடிக்கிறது. 119ஆவது காங்கிரஸ் 2025 ஜனவரி 3ஆம் தேதி தொடங்கியது. 2027 ஜனவரி 3ஆம் தேதி முடியும். அதற்குள் சட்டமாகாத எந்த மசோதாவும், எவ்வளவு தூரம் முன்னேறியிருந்தாலும், அடுத்த காங்கிரஸில் புதிய எண்ணுடன் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்துகள் மிக முக்கியமானவை. எச்.ஆர். என்றால் பிரதிநிதிகள் சபையில் தோன்றிய மசோதா, எஸ். என்றால் செனட்டில் தோன்றியது. ஜே.ரெஸ். என்று முடியும் கூட்டுத் தீர்மானமும் மசோதாவைப் போலவே குடியரசுத் தலைவரின் கையெழுத்துக்குச் சென்று சட்டமாகக் கூடியது. அரசியல் சாசனத் திருத்தத்தை முன்மொழியும் தீர்மானம் மட்டும் அவரிடம் செல்லாமல் மாநிலங்களின் ஒப்புதலுக்குச் செல்லும். ஆனால் கான்.ரெஸ். என்பதும், எச்.ரெஸ். அல்லது எஸ்.ரெஸ். என்பதும் அப்படிப்பட்டவை அல்ல. அவை ஓர் அவையின் அல்லது இரு அவைகளின் கருத்தைப் பதிவு செய்பவை. அவை குடியரசுத் தலைவரிடம் செல்வதே இல்லை, எவரையும் சட்டப்படி கட்டுப்படுத்துவதும் இல்லை.

ஈழத் தமிழர் தொடர்பான செய்திகளைப் படிப்பவர்கள் இந்த வேறுபாட்டை அவசியம் மனத்தில் இருத்த வேண்டும். 2021 மே மாதம் இலங்கைப் போர் முடிந்த பன்னிரண்டாம் ஆண்டை முன்னிட்டு, வட கரோலினாவைச் சேர்ந்த உறுப்பினர் டெபோரா ராஸ் எச்.ரெஸ்.413 என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அது ஒரு சாதாரணத் தீர்மானம். அறிமுகமாகி, வெளியுறவுக் குழுவுக்கு அனுப்பப்பட்டு, அங்கேயே நின்றது. அறிமுகமானதையே "அமெரிக்க நாடாளுமன்றம் அங்கீகரித்தது" என்று எழுதுவது, நீதியை எதிர்பார்த்து வாழும் மக்களுக்குச் செய்யும் பெரிய அநியாயம். அத்தகைய தீர்மானத்துக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு கோரிக்கை அந்த அவையின் ஏட்டில் ஏறுவது முதல் படியாகவும், பிற உறுப்பினர்களை இணைக்கும் கருவியாகவும் பயன்படும். ஆனால் அது எது, எது அல்ல என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொண்டுதான் அதற்காக உழைக்க வேண்டும்.

இரண்டாம் படி: மசோதா எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

காங்கிரஸ் டாட் கவ் (congress.gov) என்ற அரசு இணையதளத்தில் எண்ணைத் தட்டினால் அந்த மசோதாவின் முழு வரலாறும் திறக்கும். அதில் செயல்பாடுகள் என்ற பகுதியை முதலில் படியுங்கள். கடைசியாகப் பதிவான வரி "குழுவுக்கு அனுப்பப்பட்டது" என்று மட்டும் இருந்து, அதற்குப் பிறகு மாதக்கணக்கில் எதுவும் இல்லையென்றால், அந்த மசோதா அசையவில்லை என்று பொருள். ஒவ்வொரு காங்கிரஸிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மசோதாக்களும் தீர்மானங்களும் அறிமுகமாகின்றன; சட்டமாவது சில நூறுதான். மற்றவற்றில் பெரும்பாலானவை குழுவிலேயே முடிந்துவிடுகின்றன. குழுத் தலைவர் விசாரணைக்கு எடுக்க விரும்பவில்லையென்றால், எத்தனை பேர் ஆதரித்தாலும் பெரும்பாலும் நடப்பது ஒன்றுமில்லை. பிரதிநிதிகள் சபையில் 218 உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் குழுவிடமிருந்து மசோதாவை அவைக்கு இழுத்துவர வழி உண்டு. அது அரிதாகவே வெற்றி பெறுகிறது.

குழுவில் உயிர் இருப்பதற்கான அடையாளங்கள் மூன்று: சாட்சிகளை அழைத்து நடத்தும் விசாரணை, உறுப்பினர்கள் வரி வரியாகத் திருத்தி வாக்களிக்கும் அமர்வு, அதன் பிறகு வெளிவரும் எழுத்துபூர்வமான குழு அறிக்கை. இவற்றில் இரண்டாவது நடந்திருந்தால்தான் நான் ஒரு மசோதாவைத் தீவிரமாகக் கவனிக்கத் தொடங்குவேன். இணை ஆதரவாளர்களின் பட்டியலையும் பார்க்கலாம். ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், இரண்டு கட்சியினரும் இருக்கிறார்களா, அந்தப் பொருளுக்குரிய குழுவின் உறுப்பினர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரே கட்சியைச் சேர்ந்த நூறு பேரை விட, இரு கட்சிகளிலிருந்தும் வந்த, உரிய குழுவில் அமர்ந்திருக்கும் பத்துப் பேர் கூடுதல் நம்பிக்கை தருவார்கள்.

மூன்றாம் படி: செனட்டின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

பிரதிநிதிகள் சபையில் சாதாரணப் பெரும்பான்மை இருந்தால் போதும். செனட்டில் அப்படியல்ல. அங்கே விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குச் செல்லவே 60 பேரின் ஆதரவு தேவைப்படும். 2010 டிசம்பரில் ட்ரீம் மசோதா பிரதிநிதிகள் சபையில் 216க்கு 198 என்று நிறைவேறிய பின், செனட்டில் 55 பேர் ஆதரித்தும் 41 பேர் எதிர்த்ததால் வீழ்ந்தது. பெரும்பான்மை இருந்தும் தோற்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை.

அறுபது பேரைத் திரட்டும் நீண்ட வழியைத் தவிர்க்க, ஏகமனதான ஒப்புதல் என்ற குறுக்கு வழி இருக்கிறது. ஓர் உறுப்பினர் எழுந்து மசோதாவை ஏற்குமாறு கேட்பார். ஒருவரும் மறுக்காவிட்டால் அது நிறைவேறியதாகிவிடும். ஒரே ஒருவர் மறுத்தாலும் அன்றைக்கு அது நின்றுவிடும். எஸ்.386க்கு நேர்ந்ததை இங்கேதான் புரிந்துகொள்ள வேண்டும். அதைக் கொண்டுவந்த செனட்டர் மைக் லீ இந்த வழியையே நாடினார். 2019இல் செனட்டர் டிக் டர்பின் உள்ளிட்டோர் ஆட்சேபித்தனர். கிரீன் கார்டுகளின் மொத்த எண்ணிக்கையை உயர்த்தாமல் வரிசையை மட்டும் மாற்றியமைப்பது போதாது என்பது டர்பினின் வாதம். ஒவ்வொரு ஆட்சேபத்தையும் தீர்க்க ஒவ்வொரு பேரம் நடந்தது. ஒவ்வொரு பேரத்திலும் வாசகம் மாறியது. எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் ஆட்களை அமர்த்தும் நிறுவனங்களுக்கான புதிய நிபந்தனைகள் சேர்ந்தன. சீனக் கம்யூனிஸ்ட் கட்சியுடனோ சீன ராணுவத்துடனோ தொடர்புடையவர்களைத் தடுக்கும் பிரிவு சேர்ந்தது. இப்படி எல்லா செனட்டர்களும் மௌனமாக இருக்கக்கூடிய ஒரு வடிவம் உருவானபோது, அது பிரதிநிதிகள் சபை 2019இல் நிறைவேற்றிய வடிவத்திலிருந்து வெகுதூரம் விலகியிருந்தது. அரசியல் சாசனப்படி இரண்டு அவைகளும் ஒரே வாசகத்தை, எழுத்துக்கு எழுத்து மாறாமல், நிறைவேற்றியாக வேண்டும். வேறுபாட்டைத் தீர்க்க மிச்சமிருந்தது ஒரு மாதம், அது நடக்கவில்லை.

ஏகமனதாக நிறைவேறியது என்பதை எல்லாரும் ஆர்வத்துடன் ஆதரித்தார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைக்கும் கோடைகால நேரத்தை ஆண்டு முழுவதும் நிரந்தரமாக்கும் மசோதாவை 2022 மார்ச் 15ஆம் தேதி செனட் இதே வழியில் நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபை அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. இன்றும் பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அறுபது வாக்குகள் தேவைப்படாத ஒரு பாதையும் இருக்கிறது. வரவு செலவுத் திட்டத்தோடு இணைந்த நல்லிணக்க நடைமுறை என்று அதைச் சொல்லலாம். இதில் 51 வாக்குகள் போதும், ஐம்பதுக்கு ஐம்பது என்றால் துணைக் குடியரசுத் தலைவரின் வாக்கு முடிவு செய்யும். 2022 ஆகஸ்டில் பணவீக்கக் குறைப்புச் சட்டம், அப்போது அந்தப் பதவியில் இருந்த கமலா ஹாரிஸின் வாக்கினால் 51க்கு 50 என்று செனட்டைத் தாண்டியது. திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தின் பேத்தி அவர் என்பதால் நம் பத்திரிகைகள் அதைப் பெருமையோடு எழுதின. ஆனால் அந்த வாக்கின் விளைவாக, முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் பயனாளிகளுக்கு இன்சுலின் செலவு மாதம் 35 டாலரைத் தாண்டாது என்ற விதி வந்தது என்பது அதைவிட முக்கியமான செய்தி. தனியார் காப்பீட்டில் இருப்பவர்களுக்கும் அதே வரம்பை வைக்கும் பிரிவு ஏன் வரவில்லை? நல்லிணக்க நடைமுறையில் அரசின் வரவையோ செலவையோ நேரடியாகத் தொடாத பிரிவுகளுக்கு இடமில்லை; விதியைத் தளர்த்த 60 வாக்குகள் வேண்டும்; கிடைத்தது 57. இதே காரணத்தால்தான் 2021இல் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 15 டாலராக உயர்த்தும் திட்டமும், குடியேற்றச் சீர்திருத்தத் திட்டங்களும் செனட்டின் நடைமுறை அதிகாரியால் விலக்கப்பட்டன. ஆகவே "நல்லிணக்க மசோதாவில் கிரீன் கார்டு சேர்ந்திருக்கிறது" என்ற செய்தி வந்தால், அந்த அதிகாரியின் முடிவு வரும்வரை காத்திருங்கள்.

நான்காம் படி: எந்தப் பிரதியைப் படிக்கிறோம் என்று உறுதி செய்யுங்கள்

ஒரே மசோதாவுக்கு அறிமுகப் பிரதி, குழு அறிக்கையோடு வந்த பிரதி, ஓர் அவை நிறைவேற்றிய பிரதி, கையெழுத்துக்குச் செல்லும் இறுதிப் பிரதி என்று பல வடிவங்கள் இணையதளத்தில் இருக்கும். எச்.ஆர்.5376 என்ற எண்ணில் 2021 நவம்பர் 19ஆம் தேதி பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய மசோதாவில், முந்தைய ஆண்டுகளில் பயன்படாமல் போன விசா எண்களை மீட்டுத் தரும் பிரிவு இருந்தது. அதே எண்ணில் 2022இல் சட்டமானது முன்பு சொன்ன பணவீக்கக் குறைப்புச் சட்டம். அதில் அந்தப் பிரிவு இல்லை. எண் ஒன்றாக இருந்தும் உள்ளடக்கம் பெருமளவு மாறிப்போயிருந்தது.

இதை மிக நெருக்கமாகக் காண 2025இன் பண அனுப்புதல் வரியைப் போல நல்ல எடுத்துக்காட்டு இல்லை. அந்த ஆண்டின் பெரிய வரி, செலவு மசோதாவான எச்.ஆர்.1இன் தொடக்க வடிவத்தில், அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்கள் வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு 5 விழுக்காடு வரி முன்மொழியப்பட்டது. ஊரில் பெற்றோருக்கு மாதம் ஆயிரம் டாலர் அனுப்பும் ஒருவருக்கு அது 50 டாலர் கூடுதல் சுமை. அந்தச் செய்தி எழுப்பிய பதற்றம் நியாயமானதே. மே 22ஆம் தேதி பிரதிநிதிகள் சபை 215க்கு 214 என்று நிறைவேற்றிய வடிவத்தில் அது 3.5 விழுக்காடாகக் குறைந்திருந்தது. செனட் ஜூலை 1ஆம் தேதி 51க்கு 50 என்று நிறைவேற்றி, பிரதிநிதிகள் சபை அப்படியே ஏற்று, ஜூலை 4ஆம் தேதி கையெழுத்தான இறுதிச் சட்டத்தில் அது 1 விழுக்காடு. அதுவும் ரொக்கம், மணி ஆர்டர், கேஷியர் காசோலை போன்ற கைவசக் கருவிகள் மூலம் அனுப்பினால் மட்டுமே. அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்தோ, அமெரிக்காவில் வழங்கப்பட்ட டெபிட், கிரெடிட் அட்டையிலிருந்தோ அனுப்பினால் இந்த வரி இல்லை. மறுபக்கம், குடியுரிமை உள்ளவர்களுக்கு இருந்த விலக்கு இறுதி வடிவத்தில் இல்லை. ரொக்கமாக அனுப்புபவர் யாராக இருந்தாலும் வரி உண்டு. 2025 டிசம்பர் 31க்குப் பிறகு அனுப்பும் பணத்துக்கு இது பொருந்தும். மே மாதச் செய்தியை மட்டும் படித்துவிட்டு நிறுத்தியவர்களின் மனத்தில் இன்றும் அந்த ஐந்து விழுக்காடே தங்கியிருக்கிறது.

ஐந்தாம் படி: வாசகத்தைப் படிக்கும் முறை

மசோதாவின் தொடக்கத்தில் குறும்பெயர் இருக்கும். பல மசோதாக்களில் அதன் பின் "காங்கிரஸ் கண்டறிந்தவை" என்று நீண்ட முன்னுரை வரும். மேற்கோள்களுக்கு அது ஏற்றதாக இருந்தாலும் அதனால் எவருக்கும் உரிமையோ கடமையோ பிறப்பதில்லை. அதைத் தாண்டி வரையறைகளுக்குச் செல்லுங்கள். "குழந்தை", "தகுதியுள்ள நிறுவனம்", "சட்டபூர்வமாக வசிப்பவர்" போன்ற சொற்களுக்கு மசோதா தரும் பொருளில்தான் நாம் உள்ளே இருக்கிறோமா வெளியே இருக்கிறோமா என்பது முடிவாகிறது.

அடுத்து வரும் செயல்படும் பிரிவுகள் பெரும்பாலும் இருக்கும் சட்டத்தை வெட்டி ஒட்டும் கட்டளைகளாகவே இருக்கும். எச்.ஆர்.1044ஐத் திறந்தால், நோக்கத்தைச் சொல்லும் நீண்ட தலைப்பைத் தவிர, நாடுவாரி உச்சவரம்பு ஒழிகிறது என்ற வாக்கியம் செயல்படும் பிரிவில் இல்லை. குடியேற்ற, குடியுரிமைச் சட்டத்தின் 202(அ)(2) பிரிவில், "203ஆம் பிரிவின் (அ), (ஆ) ஆகிய இரு உட்பிரிவுகள்" என்று இருப்பதை நீக்கி "203(அ)" என்று மாற்றுக, "7 விழுக்காடு" என்பதை நீக்கி "15 விழுக்காடு" என்று மாற்றுக என்றுதான் இருக்கும். மூலச் சட்டத்தைப் பக்கத்தில் திறந்து வைத்தால்தான் இது பேசத் தொடங்கும்: 203(அ) என்பது குடும்ப அடிப்படையிலான விசா, 203(ஆ) என்பது வேலைவாய்ப்பு அடிப்படையிலானது. (ஆ) வாக்கியத்திலிருந்து நீங்கியதால் வேலைவாய்ப்புப் பிரிவுக்கு உச்சவரம்பு பொருந்தாமல் போகிறது. குடும்பப் பிரிவுக்கோ 7 விழுக்காடு 15ஆக உயர்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 என்றுள்ள வேலைவாய்ப்பு கிரீன் கார்டுகளின் மொத்த எண்ணிக்கையை இந்த மசோதா தொடவேயில்லை என்பதும் அப்போதுதான் தெரியும். வரிசை வேகமாகும் என்று சிலரும், தங்கள் வரிசை நீளும் என்று வேறு நாட்டவர் சிலரும் ஏன் ஒரே மசோதாவைப் பார்த்துச் சொன்னார்கள் என்பதற்கு இந்தத் தொடாத எண்ணே காரணம். நீங்கள் அந்தப் பிரிவைப் படிக்கும்போது ஆங்கில மூலத்தில் ஏ, பி என்ற எழுத்துகளே இருக்கும். நான் எளிமைக்காக அ, ஆ என்று எழுதியிருக்கிறேன்.

கடைசியாக இரண்டு இடங்களை விட்டுவிடாதீர்கள். ஒன்று, நடைமுறைக்கு வரும் தேதி. மருத்துவமனைகளின் எதிர்பாராத கட்டணங்களிலிருந்து நோயாளிகளைக் காக்கும் சட்டம் 2020 டிசம்பர் 27ஆம் தேதி கையெழுத்தானாலும், அதன் முக்கியப் பாதுகாப்புகள் 2022 ஜனவரி 1ஆம் தேதிதான் அமலுக்கு வந்தன. இடைப்பட்ட காலத்தில் பில் வாங்கியவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மற்றொன்று, முடியும் தேதி. 2021இல் உயர்த்தப்பட்ட மருத்துவக் காப்பீட்டுப் பிரீமிய வரிச்சலுகை 2022இல் மூன்று ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டு, 2025 இறுதியோடு முடிவதாகவே எழுதப்பட்டிருந்தது. அதை நீட்டிப்பதா வேண்டாமா என்ற சண்டையில் 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாட்கள் ஃபெடரல் அரசே முடங்கியது. சலுகை எந்த வரியில் முடிகிறது என்பதை 2022இலேயே படித்தவர்களுக்கு இந்த மோதல் எப்போது வரும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

ஆறாம் படி: பணம் உண்மையில் ஒதுக்கப்பட்டிருக்கிறதா?

"இத்திட்டத்துக்கு இத்தனை கோடி டாலர் ஒதுக்க அனுமதி அளிக்கப்படுகிறது" என்ற வாக்கியத்தைப் படித்துப் பணம் வந்துவிட்டதாக எண்ணக் கூடாது. அது அனுமதி மட்டுமே. பணம் வருவது ஒவ்வொரு ஆண்டும் நிறைவேற வேண்டிய 12 ஒதுக்கீட்டு மசோதாக்களில். நிதியாண்டு அக்டோபர் 1ஆம் தேதி தொடங்குகிறது. அதற்குள் அவை முடியாவிட்டால் பழைய அளவிலேயே செலவைத் தொடர இடைக்காலத் தீர்மானம் வரும், அதுவும் வராவிட்டால் முடக்கம். செலவு எவ்வளவு என்று அறிய, காங்கிரஸின் வரவு செலவு அலுவலகம் வெளியிடும் மதிப்பீட்டைப் படியுங்கள். அது கட்சி சாராத அமைப்பு, அதன் அறிக்கைகள் இலவசம்.

ஏழாம் படி: மசோதா வேறொரு மசோதாவுக்குள் போயிருக்கலாம்

தனியாக நகராத மசோதா இறந்துவிட்டதாக முடிவு கட்டுவதற்கு முன் இதைச் சரிபாருங்கள். பல சட்டங்கள் தங்கள் சொந்த எண்ணில் நிறைவேறுவதே இல்லை. கண்டிப்பாக நிறைவேறியே ஆகவேண்டிய பெரிய மசோதாவில், குறிப்பாக ஆண்டிறுதி ஒதுக்கீட்டுத் தொகுப்பிலும் ஆண்டுதோறும் வரும் பாதுகாப்பு மசோதாவிலும், அவை ஒரு பிரிவாக ஏறிக்கொள்ளும். மேலே சொன்ன எதிர்பாராக் கட்டணச் சட்டமும், கல்லூரி நிதியுதவிக்கான ஃபாஃப்சா படிவத்தை எளிமையாக்கிய சட்டமும் 2020 டிசம்பரில் ஒரே ஒதுக்கீட்டுத் தொகுப்புக்குள் இருந்துதான் வந்தன. ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் எண் எச்.ஆர்.3590, அது அவைக்கு வந்தபோது ராணுவத்தினரின் வீட்டுக் கடன் வரிச்சலுகை பற்றிய மசோதா. வருவாய் மசோதாக்கள் பிரதிநிதிகள் சபையில்தான் தோன்ற வேண்டும் என்பதால், அங்கிருந்து வந்த ஒன்றின் உள்ளடக்கத்தை நீக்கிவிட்டுச் செனட் தன் வாசகத்தை அதில் வைத்தது. எனவே டிசம்பர் மாதத்தில் எண்ணை வைத்துத் தேடுவதோடு, நீங்கள் கவனிக்கும் சட்டப் பிரிவின் எண்ணையும் முக்கியச் சொற்றொடரையும் வைத்துத் தொகுப்பு மசோதாவுக்குள் தேடுங்கள். ஆயிரக்கணக்கான பக்கங்கள் இருந்தாலும் கணினித் தேடலுக்கு அது ஒரு நிமிட வேலை.

எட்டாம் படி: கையெழுத்தும் அதற்குப் பின்னும்

இறுதிப் பிரதி வந்த பின் குடியரசுத் தலைவருக்கு ஞாயிற்றுக்கிழமைகள் நீங்கலாகப் பத்து நாட்கள் அவகாசம் உண்டு. அவர் கையெழுத்திடலாம், காங்கிரஸ் கூட்டத்தொடரில் இருக்கும்போது எதுவும் செய்யாமல் விட்டாலும் அது சட்டமாகும், காங்கிரஸ் ஒத்திவைக்கப்பட்டதால் திருப்பியனுப்ப வழியில்லாமல் போனால், கையெழுத்திடாமலேயே அது கைவிடப்பட்டதாகிவிடும். வீட்டோ செய்தால், அதாவது மறுத்துத் திருப்பியனுப்பினால், இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு அதை முறியடிக்கலாம். 2020 டிசம்பரில் டிரம்ப் வீட்டோ செய்த பாதுகாப்பு மசோதா, செனட்டில் 2021 ஜனவரி 1ஆம் தேதி 81க்கு 13 என்று கிடைத்த வாக்கோடு அப்படித்தான் சட்டமானது.

பலரும் இத்தோடு நின்றுவிடுகிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு உண்மையான வாய்ப்பு இதன் பிறகுதான் இருக்கிறது. சட்டம் கோடு போடும். அதை நடைமுறைப்படுத்தும் விதிகளை உரிய துறை எழுதும். வரைவு விதி, அரசின் அதிகாரபூர்வ அறிவிப்பு ஏடான ஃபெடரல் பதிவேட்டில் வெளியாகி, பெரும்பாலும் 30 முதல் 60 நாட்கள் வரை பொதுமக்களின் கருத்துக்குத் திறந்திருக்கும். கருத்துத் தெரிவிக்கக் குடியுரிமை வேண்டியதில்லை. துறை முக்கியமான கருத்துகளுக்கு இறுதி விதியில் பதில் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் அந்த விதி வீழ வாய்ப்புண்டு. ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் நகலெடுத்து அனுப்புவதை விட, விதியின் எந்தப் பிரிவு தங்கள் வேலையிலோ குழந்தையின் படிப்பிலோ என்ன விளைவை ஏற்படுத்தும் என்று ஒருவர் சொந்த வார்த்தைகளில் எழுதும் இரண்டு பக்கங்களுக்கு எடை அதிகம்.

ஒன்பதாம் படி: உங்கள் உறுப்பினரிடம் பேசுவது

வாக்குரிமை இல்லாதவர்கள் அழைக்கத் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். ஓர் உறுப்பினர் தம் தொகுதியில் வசிக்கும் அனைவருக்கும் பிரதிநிதி; தொகுதி எல்லைகளும் குடிமக்களை மட்டுமல்லாமல் வசிப்பவர் அனைவரையும் எண்ணித்தான் வகுக்கப்படுகின்றன. காங்கிரஸ் டாட் கவ் தளத்தில் உங்கள் முகவரியை இட்டால் உங்கள் பிரதிநிதியின் பெயரும் உங்கள் மாநிலத்தின் இரண்டு செனட்டர்களின் பெயரும் கிடைக்கும். அழைக்கும்போது மசோதாவின் எண்ணைச் சொல்லி, எந்தத் தெருவில் அல்லது ஊரில் வசிக்கிறீர்கள் என்று சொல்லி, அந்தப் பிரிவு உங்கள் குடும்பத்தை எப்படித் தொடுகிறது என்பதை இரண்டு மூன்று வாக்கியங்களில் சொல்லி, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்: இணை ஆதரவாளராகச் சேருங்கள், அல்லது இந்தத் திருத்தத்துக்கு எதிராக வாக்களியுங்கள். "குடியேற்றத்தைச் சரிசெய்யுங்கள்" என்ற பொதுவான கோரிக்கையை அலுவலகம் குறித்துக்கொள்ள ஒரு கட்டமே இருக்காது. அந்தப் பொருளைக் கவனிக்கும் உதவியாளரின் பெயரைக் கேட்டு வாங்கி, பிறகு அவருக்கே மின்னஞ்சல் எழுதுவது நல்ல பழக்கம். உங்கள் தனிப்பட்ட விசா விண்ணப்பம் தாமதமாகிறது என்றால் அது வேறு வேலை. அதற்குத் தொகுதி அலுவலகத்தை அணுக வேண்டும்.

ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பேசலாம், எழுதலாம், நேரில் சந்திக்கலாம். ஆனால் எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் தேர்தல் நிதி வழங்கக் கூடாது, அது ஃபெடரல் சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு பெற்றவர்கள் வழங்கலாம். ஆதரவு திரட்டும் கூட்டங்களில் நன்கொடை கேட்கும்போது யாருக்கும் இதைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

நேரம் பார்த்து அழைப்பதும் முக்கியம். குழுவில் திருத்த அமர்வு நடப்பதற்கு முந்தைய வாரமே மிகவும் பயனுள்ள வாரம். அவையில் இறுதி வாக்கெடுப்பு நடக்கும் நாளில் பெரும்பாலான உறுப்பினர்கள் முடிவெடுத்திருப்பார்கள். காங்கிரஸ் டாட் கவ் தளத்தில் இலவசக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, நீங்கள் கவனிக்கும் மசோதாக்களுக்கு மின்னஞ்சல் அறிவிப்பை அமைத்துக்கொண்டால், செயல்பாடுகள் பகுதியில் புதிய வரி ஏறியதும் தகவல் வரும். இரட்டைப்படை ஆண்டுகளின் தொடக்கத்தில், புதிய காங்கிரஸ் கூடிய முதல் சில வாரங்களில், பழைய மசோதாக்கள் புதிய எண்களில் திரும்ப அறிமுகமாகும். அப்போது பழைய அறிவிப்பு எதையும் அனுப்பாது. புதிய எண்ணைத் தேடி அறிவிப்பை மீண்டும் அமைக்க வேண்டும், வாசகத்தையும் முதல் பிரிவிலிருந்து மறுபடி படிக்க வேண்டும்.